ஏரியில் மீன் பிடிக்க ஸ்ட்ரீமர் ஃப்ளை கட்டும்போது எடையை எங்கே வைக்க வேண்டும்?

ஸ்ட்ரீமர் ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகு கட்டி, நீருக்குள் நீந்தும் சிறு உயிர் போலச் செய்யும் போலி இரை. அந்த முள்ளின் தண்டு முழுவதும் ஈயக்கம்பி சுற்றியும் மீன் தொடுவதில்லை, ஃப்ளை கல் போல மூழ்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கட்டினேன்.

ஆற்றில் நீரோட்டமே ஃப்ளையை அசைத்துக் கொடுக்கும். ஏரியில் அது கிடையாது. உங்கள் கையிலிருந்தும் எடை இருக்கும் இடத்திலிருந்தும்தான் அசைவு வர வேண்டும். எடை தண்டு முழுக்கப் பரவியிருந்தால் ஃப்ளை படுத்த வாக்கில் இறங்கும். தலைப்பக்கம் மட்டும் இருந்தால், லைனை இழுக்கும்போது மேலேறும், நிறுத்தியதும் தலை சாய்ந்து இறங்கும். ஏற்ற இறக்கமாக நீந்தும் நீர் அட்டையின் சாயல் அதில் வந்துவிடும். எனக்குக் கிடைத்த கடிகளில் பெரும்பாலானவை அந்த இறக்கத்தில்தான்.

நான் எடுப்பது 8 அல்லது 10ஆம் எண் நீளத்தண்டு முள், 3.2 மி.மீ. டங்ஸ்டன் மணி. மணியின் சிறிய துளை முள்ளின் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். மணிக்குப் பின்னால் 0.5 மி.மீ. ஈயமில்லாக் கம்பியை ஆறேழு சுற்று சுற்றி, அப்படியே மணியின் பெரிய துளைக்குள் தள்ளிவிடுங்கள். மணி ஆடாது. ஈயம் வேண்டாம், நீர்ப்பறவைகள் விழுங்கினால் அவற்றுக்கு அது விஷம். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியும் அதிகம்.

அடுத்தது வால். மராபூ என்னும் பஞ்சு போன்ற மெல்லிய இறகு, முள்ளின் தண்டு நீளத்துக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்ளும், மீனும் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். நீளத்தைக் குறைக்கக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். நகத்தால் கிள்ளினால்தான் நுனி மெலிந்து இயல்பாக இருக்கும். வால் இறகின் அடிப்பகுதியைக் கம்பிச் சுற்று வரை தண்டோடு சேர்த்துக் கட்டினால் உடல் மேடு பள்ளமில்லாமல் வரும். விரலைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் மராபூ பறக்காமல் அடங்கும்.

உடலுக்கு மெல்லிய ஷெனில் (புசுபுசுவென்ற நூல்) போதும். அதன்மேல் ஹாக்கிள் (சேவலின் கழுத்து இறகு) நான்கைந்து சுற்றுதான், இழைகள் வாலைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். அதிகம் சுற்றினால் ஃப்ளை மூழ்கும் வேகம் குறைந்துவிடும், நீங்கள் வைத்த எடையே வீண். பிறகு மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி விடுங்கள், ஹாக்கிள் தண்டு மீனின் பல் பட்டு அறுந்தாலும் பிரிந்து வராது. நிறத்தில் கறுப்பும் ஆலிவும் இருந்தால் எனக்குப் போதும்.

கட்டியதை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டு இறக்கிப் பாருங்கள். தலை முன்னே போகவில்லை என்றால் ஈயமில்லாக் கம்பியின் பின்பக்கச் சுற்றில் ஒன்றிரண்டைக் குறைத்து அடுத்ததைக் கட்டுங்கள்.

லைனில் கட்டும்போது இறுகாத வளைய முடிச்சு போடுங்கள், இறுக்கிக் கட்டினால் தலை சாய்வது பாதியாகிவிடும். அப்புறம், எடையுள்ள ஃப்ளையை வீசும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இருக்காதீர்கள்.