ராத்திரி வேலையும் கண்ணுக்குள் ஓடும் கடிகாரமும்

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் எட்டு மாதமாக ராத்திரி ஷிஃப்ட். விடிந்ததும் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போது, பின்னால் எழும் சூரியன் கண்ணாடியில் பட்டுக் கண் கூசுகிறது. எதிரே வரும் வண்டியும் மங்கலாகத் தெரிகிறது. எங்கள் வீட்டுப் பூனைக்கு ராப்பகல் எந்நேரமும் கண் தெரிகிறதே, எனக்கும் போகப் போகப் பழகிவிடுமா?

பதில்: வணக்கம் அண்ணா. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான படலம் ஒன்று உண்டு. நமக்கு அது கிடையாது. எத்தனை வருஷம் பழகினாலும் வராது. ஆனால் இப்போது பகலா ராத்திரியா என்ற நேரம் கண்ணுக்குத் தெரியும் என்பது நிஜம்.

நம் ஊர்க் குட்டைகளில் பிளாட்டானா தவளையைப் பார்த்திருப்பீர்கள், பின்னங்காலில் கறுப்பு நகத்தோடு வழுக்கிக்கொண்டு ஓடுமே, அதுதான். 1983-இல் பெசார்ஸ், ஐயுவோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதன் கண்ணைத் தனியே எடுத்து இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். மூளையோடு தொடர்பே இல்லை. அப்படியும் ராத்திரி வந்ததை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் நொதி ராத்திரி நேரத்தில் ஏறியது, பகல் நேரத்தில் இறங்கியது. கடிகாரம் அந்தக் கண்ணுக்குள்ளேயே இருந்தது! எலியின் கண்ணிலும் இப்படித்தான். மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் தேய்ந்த நுனிகளை விடியற்காலையில் உதிர்க்கின்றன. விளக்கே போடாமல் வைத்தாலும் அந்த நேரத்துக்கு உதிர்க்கின்றன. குதிரைலாட நண்டுக்கோ, மூளையிலிருந்து ராத்திரிதோறும் சேதி வந்து கண் வெளிச்சத்தை உணரும் திறனைப் பல லட்சம் மடங்கு வரை ஏற்றிவிடுகிறது.

மனிதக் கண்ணில் அவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. ஆனாலும் கண் அழுத்தமும் கருவிழியின் தடிமனும் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும்.

அதற்காக உங்கள் எட்டு மாதக் கூச்சத்தைக் கடிகாரத்தின் மேல் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வயதில் கண்புரை தொடங்கலாம். தூக்கம் கெட்டுக் கண் வறண்டிருக்கலாம். சர்க்கரையாகவும் இருக்கலாம், நம்மவர்களிடம் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இந்த வாரமே ரத்தச் சர்க்கரை பாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வேறு யாராவது வண்டி ஓட்டட்டும். கண் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், திடீரென்று பார்வை மறைவது, இதில் ஏதாவது வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தக் காலை நேரப் பயணம். ஷிஃப்ட் முடிந்து கண் சொக்கினால் சாவியைத் திருகாதீர்கள். 20 நிமிஷம் சாய்ந்து தூங்கி எழுந்து, தெளிவு வந்தால் மட்டும் கிளம்புங்கள். எதிர் வண்டி மங்கலாகத் தெரிகிறது என்கிறீர்களே, பரிசோதனை முடியும் வரை டாக்சியில் வீடு திரும்புங்கள். வீட்டில் படுக்கையறைக்குத் தடித்த திரை போடுங்கள்.

அப்புறம், கண் மருத்துவரிடம் ஷிஃப்ட் நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள். கண் அழுத்தத்தை எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்த தடவை ஒப்பிட அது வேண்டியிருக்கும்.