சிவராத்திரிக்குக் கண் விழிக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ராஜபாளையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பைபோலாருக்கு (மனம் அளவுக்கு மீறித் துள்ளுவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய்) ஆறு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். போன சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் விரதமிருந்து விடிய விடிய விழித்திருந்தேன். அடுத்த ரெண்டு ராத்திரியும் தூக்கம் வரவில்லை, அசதியும் இல்லை. நாலாம் நாள் கடைக்கு மூணு மெஷின் ஆர்டர் பண்ணிவிட்டேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. அம்மா “சாமி குத்தம்” என்கிறார். இந்த வருடம் போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: போங்கள். பொங்கல் வையுங்கள், சாமி கும்பிடுங்கள். பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த வரி ‘அசதியும் இல்லை’ என்பது. விடிய விடிய விழித்த ஆள் மறுநாள் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்குவார். பைபோலார் உள்ளவர் தூங்காமலும் தெம்பாக இருந்தால், அது மேனியா, அதாவது மனம் அளவுக்கு மீறித் துள்ளும் நிலை, கிளம்புவதன் அடையாளம். தூக்கம் கெட்டால் மேனியா வரும், வந்தால் தூக்கம் இன்னும் கெடும். மாத்திரை ஒழுங்காகப் போடுபவருக்கும் இது நடக்கும். அந்த ஒரு ராத்திரிதான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இனி ரெண்டாவது ராத்திரியும் தூக்கம் வராவிட்டால் மறுநாள் காலையிலேயே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம் விரதம். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் உங்களுக்கு ஆகாது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் உப்போடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் லித்தியம் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். அளவு ஏறினால் கை அதிகமாக நடுங்கும், வயிறு போகும், நடை தள்ளாடும், நாக்கு குழறும். அப்படியானால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அலைச்சலில் உடம்பு வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், அவையும் அளவை ஏற்றும். பாரசிட்டமால் பரவாயில்லை.

நீங்கள் கேட்கவில்லை, கடைக்காரர் என்பதால் சொல்கிறேன்: மத்தியானத்துக்கு மேல் டீ வேண்டாம். ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டாலும் லித்தியம் ஏறும்.

மற்ற நாட்களில், ஞாயிறு உட்பட, ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். அமெரிக்காவில் எலன் ஃபிராங்க் குழுவினர் வகுத்த சிகிச்சை ஒன்று, எழுவது, சாப்பிடுவது, படுப்பது ஆகியவற்றின் நேரத்தை ஒழுங்கு செய்வதையே பிடித்துக்கொண்டு போகிறது. கடையில் தினசரி காலண்டர் தொங்குமே, அந்தத் தாளில் தூங்கிய நேரத்தை எழுதுங்கள். கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். டாக்டர் படுக்கச் சொன்னார் என்று பழியை என் மேல் போடுங்கள்.

கடைசியாக லித்தியம் டெஸ்ட் எப்போது எடுத்தீர்கள் என்று எழுதவில்லையே? ஆறு மாதம் தாண்டியிருந்தால் சிவராத்திரிக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.