பாராலிம்பிக் அணியில் என் மகள் ஓட என்ன வழி?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பிறவியிலேயே இடது கை முழங்கைக்குக் கீழே வளரவில்லை. பள்ளியில் 100 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்களில் மற்ற பிள்ளைகளோடு ஓடி இடம் பிடிக்கிறாள். பாராலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, நாட்டு அணிக்காக ஓட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அரசு தந்த மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருக்கிறது. அது போதுமா? யாரிடம் போவது? இப்போதே தொடங்கலாமா, இன்னும் கொஞ்சம் வயது ஏறட்டுமா?

பதில்: சான்றிதழ் போதாது. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, பாதகமில்லை. இந்த விஷயத்தில் முக்கியமான விதிகள் எல்லாம் சர்வதேச விதிகள்தான்.

அரசுச் சான்றிதழ் உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் ஆனது. அதில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பாராலிம்பிக் போட்டிகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே கேட்பது ஒன்றுதான்: இந்தக் குறைபாடு இந்த விளையாட்டை ஆடுவதை எவ்வளவு பாதிக்கிறது? இதை ஒரு குழு நேரில் பார்த்து முடிவு செய்கிறது. இதற்கு வகைப்படுத்தல் என்று பெயர். உங்கள் மகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, இது நடக்காமல் சர்வதேசப் போட்டி எதிலும் அவளுடைய நேரம் கணக்கில் வராது. நல்ல பயிற்சியாளரைத் தேடி வருடக்கணக்கில் அலையும் பெற்றோர், இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

குழு மூன்று விஷயங்களைப் பார்க்கும். முதலில், மருத்துவ ரீதியாக நிரூபிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறதா. அடுத்து, அதனால் வந்த குறைபாடு பாராலிம்பிக் இயக்கம் ஏற்றுக்கொண்ட பத்து வகைகளில் ஒன்றா. தசை வலுக்குறைவு, மூட்டு அசைவுக் குறைவு, கை கால் இழப்பு, கால் நீள வேறுபாடு, குள்ளமான உடல்வாகு, தசை இறுக்கம், அசைவுக் கட்டுப்பாடு சார்ந்த இரண்டு வகைகள், பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு ஆகியவைதான் அந்தப் பத்து. காது கேளாமை இதில் இல்லை. காது கேளாதவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனிப் போட்டி உண்டு, அது 1924-லேயே பாரிஸில் தொடங்கிவிட்டது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ் என்பதும் வேறு அமைப்பு. மூன்றையும் ஒன்றாக நினைத்துத் தவறான கதவைத் தட்டுகிறவர்கள் நிறைய.

மூன்றாவது படிதான் பலருக்கு ஏமாற்றம் தருவது. குறைபாடு இருந்தால் மட்டும் போதாது, அந்த விளையாட்டுக்கென்று வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவை அது தாண்ட வேண்டும். ஒரு கையில் உறுப்பு இழப்பு உள்ளவர்கள் ஓட வேண்டுமானால், மணிக்கட்டு எலும்புகள் இல்லாத அளவுக்கு அந்த இழப்பு இருக்க வேண்டும். விரல்கள் மட்டும் இல்லாதவர் ஓட்டத்தில் சேர முடியாது. உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் வராது என்றே தோன்றுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டி47 பிரிவு கிடைக்க வேண்டும். ஆனால் அது என் ஊகம்தான், எண்ணைத் தரும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு மட்டுமே உண்டு.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் என்றால் எறிதல். கை பாதிப்புக்கு டி45, டி46, டி47 என மூன்று பிரிவுகள். முழங்கைக்கு மேலே இரண்டு கையும் இல்லாதவர்கள் டி45, மேல்கை அளவில் ஒரு கை பாதிக்கப்பட்டவர்கள் டி46, முழங்கைக்குக் கீழே என்றால் டி47. ஆனால் பாராலிம்பிக்கில் ஓட்டப்பந்தயம் வரும்போது மூன்றையும் சேர்த்து டி47 என்ற ஒரே போட்டியாக நடத்துவது வழக்கம். எறிதலில் எஃப்47 என்று தனியாக இல்லை, எஃப்46-இல் போட்டியிட வேண்டும். டோக்கியோ பாராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீட்டர் எறிந்து, இலங்கைக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தது அந்தப் பிரிவில்தான்.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. எல்லாப் பிரிவுக்கும் எல்லாப் போட்டியும் பாராலிம்பிக்கில் கிடையாது. மகளுக்குப் பிடித்த தூரம் அவளுடைய பிரிவில், பெண்களுக்கு, அடுத்த பாராலிம்பிக் அட்டவணையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அட்டவணையைப் போட்டிக்குச் சில ஆண்டுகள் முன்பே வெளியிட்டுவிடுவார்கள். எண்களும் நிரந்தரமல்ல. இந்திய வீரர் மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது அந்த உயரம் தாண்டுதலுக்கு டி42 என்று பெயர். 2018-இல் எண்களை மாற்றியமைத்தார்கள், டோக்கியோவில் அவர் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் வாங்கியது டி63 போட்டியில். பழைய பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டுக் குழம்பாதீர்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். இதே கை அமைப்புக்குப் பாட்மின்டனில் எஸ்யூ5 என்ற பிரிவு உண்டு. டேக்வாண்டோ இன்னும் பொருத்தம், பாராலிம்பிக் டேக்வாண்டோவே முக்கியமாகக் கை பாதிப்பு உள்ளவர்களுக்கானது. நீச்சலிலும் இடம் உண்டு, எண் மட்டும் வேறு. 14 வயதில் ஒரே விளையாட்டில் பூட்டிவைக்க வேண்டிய அவசியமில்லை. அவளுக்கு ஓட்டம்தான் உயிர் என்றால் சரி, ஓடட்டும்.

வகைப்படுத்தல் அன்று என்ன நடக்கும்? குறைந்தது இரண்டு பேர் கொண்ட குழு இருக்கும், மருத்துவமும் விளையாட்டும் தெரிந்தவர்கள். மகளுடன் ஒருவர் உள்ளே போகலாம். 18 வயது ஆகாததால் ஒப்புதலில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். கையின் நீளத்தை அளப்பார்கள், மூட்டுகளை அசைக்கச் சொல்வார்கள், ஓடும் உடையிலேயே சில அசைவுகளைச் செய்யச் சொல்வார்கள், படமும் எடுப்பார்கள். தேவைப்பட்டால் முதல் போட்டியில் ஓடும்போதும் கவனிப்பார்கள். இதையெல்லாம் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்நியர்கள் தன் கையைத் தொட்டு அளப்பது பதின்ம வயதுப் பெண்ணுக்கு எளிதாக இருக்காது. பரிசோதிப்பவர்களில் பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுவைப்பதில் தவறில்லை.

முடிவில் பிரிவோடு ஒரு நிலையும் தருவார்கள். 'உறுதி' என்று வந்தால் நிம்மதி. 'மறுபரிசீலனை' என்று வந்தால் மறுபடி போக வேண்டும், சில நேரம் எந்த ஆண்டு என்றும் குறித்துவிடுவார்கள். இதை அலட்சியமாக விடக்கூடாது. டோக்கியோவில் இந்திய வட்டு எறிதல் வீரர் ஒருவர் எஃப்52 பிரிவில் வெண்கலம் வென்றார். அவருடைய பிரிவு மறுபரிசீலனைக்கு வந்தது, எந்தப் பிரிவையும் தர இயலவில்லை என்று குழு சொன்னது, பதக்கம் போய்விட்டது. இவ்வளவு கறாராக இருப்பதற்குப் பின்னணி உண்டு. 2000 சிட்னி போட்டியில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியில், 12 பேரில் 10 பேருக்கு அந்தக் குறைபாடே இல்லை என்று தெரியவந்தது. தங்கம் பறிபோனது. அதோடு நிற்கவில்லை, அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கான போட்டிகளே 2012 லண்டன் வரை பாராலிம்பிக்கில் நடக்கவில்லை. செய்யாத தப்புக்கு உலகம் முழுக்க எத்தனையோ பேர் வெளியே நின்றார்கள். அதனால் யாராவது 'கொஞ்சம் பலவீனமாகக் காட்டிக்கொள்' என்று மகளிடம் சொன்னால், அந்த ஆளிடமிருந்து விலகி வந்துவிடுங்கள். வேண்டுமென்றே ஏமாற்றுவது தடையில் முடியும், அவருக்கு மட்டுமல்ல, அவளுக்கும்.

சரி, யாரிடம் போவது? சர்வதேச அமைப்புக்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் நாட்டின் தேசிய பாராலிம்பிக் குழு வழியாகத்தான் எல்லாம் நடக்கும். அதன் வட்டார அல்லது மாநிலக் கிளையைக் கண்டுபிடித்துப் பதிவு செய்யுங்கள். உள்ளூர்ப் போட்டி, தேசிய அளவில் வகைப்படுத்தல், தேசியப் போட்டி, அப்புறம் சர்வதேச உரிமம் என்பது வழக்கமான பாதை. அந்த உரிமத்தை உலக பாரா தடகள அமைப்பிடம் பெற்றுத் தருவது தேசியக் குழுதான். மருத்துவ விவரப் படிவமும் அவர்கள் மூலமே போகும். அதற்கு மருத்துவரின் விரிவான அறிக்கை, எக்ஸ்ரே படம் போன்றவை தேவைப்படலாம். இவற்றை இப்போதே திரட்டி வையுங்கள், ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. சர்வதேச வகைப்படுத்தல் எல்லாப் போட்டியிலும் நடக்காது, குறிப்பிட்ட சில போட்டிகளில் மட்டும்தான். அங்கே இடம் கிடைப்பதும் தேசியக் குழுவின் கையில் இருக்கிறது. ஆகவே அந்த அலுவலகத்தில் விவரம் தெரிந்த ஒருவரோடு நல்ல தொடர்பு இருப்பது, ஒரு புதிய ஜோடி காலணியைவிடப் பயன்படும்.

அணித் தேர்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். குறித்த தகுதி நேரத்துக்குள் ஓடிவிட்டால் அணியில் இடம் உறுதி என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தகுதி நேரம் நுழைவுக்கான அனுமதி மட்டும். உலக சாம்பியன்ஷிப், உலகத் தரவரிசை போன்ற வழிகளில் இடங்கள் வருகின்றன, தடகளத்தில் பெரும்பாலும் அந்த இடம் நாட்டின் தேசியக் குழுவுக்குப் போகிறது, ஓடி வென்றவருக்கு அல்ல. உங்கள் மகள் உலக சாம்பியன்ஷிப்பில் பெற்றுத் தந்த இடத்தில், அடுத்த ஆண்டு அவளைவிடச் சிறப்பாக ஓடும் இன்னொருவரை நாடு அனுப்பலாம். தனிநபர் போட்டி ஒன்றுக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் போக முடியாது என்ற வரம்பும் உண்டு. உங்கள் நாட்டின் தேர்வு விதிமுறை எழுத்து வடிவில் இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தத் தேதிக்குள் எந்தப் போட்டியில் ஓடிய நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள் என்ற வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயது விஷயத்தில் என் கருத்து இது: பதிவும் தேசிய வகைப்படுத்தலும் இப்போதே, சர்வதேசப் போட்டிக்கு அவசரம் வேண்டாம். அடுத்த பாராலிம்பிக் 2028 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில், அதற்கடுத்தது 2032-இல் பிரிஸ்பேனில். முதலாவதைக் கனவாக வைத்துக்கொள்ளட்டும், திட்டத்தை இரண்டாவதற்குப் போடுங்கள். நடுவில் ஆசிய இளையோர் பாரா விளையாட்டு போன்ற போட்டிகள் இருக்கின்றன, அவளுக்கு அவைதான் சரியான முதல் மேடை. பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு ஓடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாரா போட்டிகளில் அவள் வயதில், அவள் பிரிவில் போட்டிக்கு ஆள் குறைவாக இருக்கலாம். நாலு பேரை முந்தி ஓடிப் பழகியவளுக்கு அது சோர்வு தரும்.

பயிற்சிக்குச் சிறப்பு நிபுணர் கிடைத்தால்தான் ஆகும் என்பதில்லை. அனுபவமுள்ள தடகளப் பயிற்சியாளர் போதும், இரண்டு விஷயங்களில் அவர் கவனம் வைத்தால். இரண்டு கைகளின் எடையும் வீச்சும் வேறுபடுவதால் ஓடும்போது உடல் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தி அதைச் சமன் செய்ய வேண்டும். மற்றது, தொடக்கம். குனிந்து தொடங்கும்போது குட்டையான கையை ஊன்றிக்கொள்ள ஒரு திண்டு வைத்துக்கொள்ள டி45 முதல் டி47 வரை விதி அனுமதிக்கிறது. அது தொடக்கக் கோட்டுக்கு முழுவதும் பின்னால் இருக்க வேண்டும். செயற்கைக் கை அணிவது கட்டாயமில்லை, அவளுக்கு எது வசதியோ அது.

மருந்து விஷயத்தில் இப்போதே ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சளி மருந்து, சத்துப் பொடி எதுவானாலும் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் பார்க்காமல் வாயில் போடக்கூடாது. நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவ விலக்கு அனுமதி பெற வழி இருக்கிறது, ஆனால் அதை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

நேரம் தவறாமையும் அப்படித்தான். டோக்கியோ குண்டு எறிதலில் மலேசியாவின் முகமது ஜியாத் சோல்கெஃப்லி எல்லோரையும்விடத் தொலைவாக எறிந்தார். ஆனால் போட்டிக்கு முன் வர வேண்டிய அழைப்பு அறைக்குத் தாமதமாக வந்ததால், அவர் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை என்று பதிவானது. முந்தைய பாராலிம்பிக்கில் தங்கம் வென்றவருக்கே இந்தக் கதி. பள்ளிப் போட்டியிலேயே, பெயர் கூப்பிடும் இடத்துக்கு முன்னதாகப் போய் நிற்கப் பழக்குங்கள்.

செலவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டு அணியில் தேர்வானால் பயணமும் தங்குமிடமும் பொதுவாக அணி பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால், வகைப்படுத்தலுக்கும் தகுதி நேரம் ஓடுவதற்கும் போகும் முதல் சில வெளிநாட்டுப் பயணங்களுக்குக் குடும்பமே பணம் புரட்ட வேண்டி வரலாம். பதிவு செய்யப் போகும் அன்றே, இந்தப் பயணங்களுக்கு யார் பணம் தருவார்கள், எந்த நிலைக்கு மேல் தருவார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.