திராட்சையில் மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் சாம்பல் நிறப் பூஞ்சணம் அடங்காதது ஏன்? மருந்து போலியா?

போலியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வாங்கிய குப்பிகளில் வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேதிப்பெயரை முதலில் படித்துப் பாருங்கள். அசாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின், டிரைஃபிளாக்ஸிஸ்ட்ரோபின் என்று வெவ்வேறு பெயர்கள் இருந்தாலும், பூஞ்சணக்கொல்லிகளை அவை செயல்படும் விதத்தை வைத்து எண்ணிட்டுப் பிரித்த தொகுதிகளில், இவை மூன்றும் 11-ஆம் தொகுதியைச் சேர்ந்தவை. பூஞ்சணத்தின் சுவாசத்தை ஒரே இடத்தில் தடுப்பவை. எனவே நிறுவனம் மாறியிருக்கலாம், விலை மாறியிருக்கலாம், மருந்து மாறவில்லை.

நம் ஊரில் 'சாம்பல் நோய்' என்றால் இலையிலும் காயிலும் வெண்பொடி படிவதைச் சொல்வார்கள்; 'அடிச்சாம்பல்' வேறொரு நோய். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழ் வளர்ந்தவன் என்பதால் இந்தப் பெயர்க் குழப்பம் எனக்குப் பழக்கமானது. நீங்கள் கேட்பது பழத்தை அழுக வைக்கும் போட்ரைட்டிஸ் சினேரியா என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கலிஃபோர்னியாவின் டெலானோ நகருக்கு அருகே ஒரு குளிர்பதனக் கிடங்கில் நான் தரப் பரிசோதகராக வேலை பார்த்தேன். அங்கே கிரிம்சன் சீட்லெஸ் போன்ற பின்பருவ ரகங்களை, இலையுதிர்கால மழை நனைத்துவிடாமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, நவம்பர் வரைகூடக் கொடியிலேயே விட்டுவைப்பார்கள். அறுவடைக்குப் பின் உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்து, அவ்வப்போது சல்பர் டை ஆக்சைடு புகையூட்டுவோம். அந்தப் புகை பழத்தின் மேலுள்ள பூஞ்சண வித்துகளைக் கொல்லுமே தவிர, தோலுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட பூஞ்சணத்தை எட்டாது. பூஞ்சணமோ 0 பாகை செல்சியஸ் குளிரிலும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு டிசம்பரில், ஒரே தோட்டத்துப் பெட்டிகளில் மட்டும் அழுகல் கண்டது. பழுப்பேறிய ஒரு பழத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். தோல் சதையை விட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. அதைச் சுற்றியிருந்த நான்கைந்து பழங்களைச் சாம்பல் நிற நூலாம்படை ஒன்றாகப் பிணைத்திருந்தது. தோட்டக்காரர் நேரே மேலாளரிடம் சென்று, நான் வெப்பநிலையைக் கவனிக்கவில்லை, புகையூட்டலிலும் குறை வைத்துவிட்டேன் என்று புகார் சொன்னார். பதிவேட்டைக் காட்டினேன், அதே அறையில் இருந்த மற்றத் தோட்டங்களின் பழங்கள் நன்றாக இருப்பதையும் காட்டினேன். இருந்தும் தவறு என் பெயரிலேயே எழுதப்பட்டது.

அந்தப் பழங்களிலிருந்து எடுத்த பூஞ்சணத்தை ஆய்வகத்தில் மருந்து கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தபோது, 11-ஆம் தொகுதி மருந்து கலந்த தட்டிலும், 7-ஆம் தொகுதியைச் சேர்ந்த பாஸ்கலிட் கலந்த தட்டிலும் அது தாராளமாகப் படர்ந்தது. தோட்டக்காரரின் தெளிப்புக் குறிப்பேட்டில் மூன்று வணிகப் பெயர்கள் மாறி மாறி இருந்தன. மூன்றிலும் 11-ஆம் தொகுதி மருந்து இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வெண்பொடி நோய்க்காக அடிக்கப்பட்டவை. எந்த நோயை நினைத்து அடித்தாலும் அந்தத் தெளிப்பு போட்ரைட்டிஸ் மீதும் விழுகிறது. அதில் தப்பிப் பிழைப்பதுதான் பெருகுகிறது. 11-ஆம் தொகுதி மருந்தின் இலக்கான பூஞ்சணப் புரதத்தில், 143-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் என்ற இன்னொன்று வந்துவிட்டால் மருந்து அங்கே பிடிப்பதே இல்லை. அளவைக் கூட்டி அடிப்பது காசைக் கரைப்பதுதான்.

மருந்து நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் கருத்திடக்கூடும். போலி மருந்தே சந்தையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைத்தான் விவசாயி அடிக்கிறார் என்பதும் தெரியும். ஆனால் போலி என்று முடிவுகட்டிவிட்டு அதே தொகுதியில் நான்காவது குப்பியை வாங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

பழம் அழுகத் தொடங்கிய பிறகு எந்தத் தெளிப்பும் அதை மீட்காது. இந்தப் பருவத்தில் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள். அழுகிய பழங்களைத் தோட்டத்திலேயே உதிர்க்காமல் வெளியே எடுத்துச் செல்லுங்கள். அடுத்த பருவத்தில், பூக்கும் காலம் தொடங்கி ஒவ்வொரு தெளிப்புக்கும், வெண்பொடி நோய்க்கு அடிப்பதையும் சேர்த்து, தொகுதி எண்ணை எழுதி வையுங்கள்.

அந்தத் தோட்டக்காரர் மறு ஆண்டு அப்படித்தான் எழுதத் தொடங்கினார். என் பெயருக்கு எதிரே கிடங்குப் பதிவேட்டில் எழுதப்பட்டதை மட்டும், ஆய்வக முடிவு வந்த பிறகும், நான் வேலையை விடும்வரை யாரும் திருத்தவில்லை.