வாசகர் கேள்வி: ஏரிக்கரையில் முதற் கூடாரம்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது, இளைய மகனுக்கு 2 வயது. தங்கை குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேராக, ஜூலையில் கூடாரமடித்துத் தங்க விரும்புகிறோம். இதுவரை எங்களில் எவரும் அப்படிப் போனதில்லை. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில், சிலர் கில்லார்னி என்கிறார்கள், சிலர் அல்கோன்குவின் என்கிறார்கள். எங்கே போவது?
– ஸ்காபரோ வாசகி

பதில்: எந்த ஏரி அழகானது என்று தேடுவதற்கு முன்னர், இரவு இரண்டு மணிக்கு உங்கள் அம்மா கழிப்பறைக்குப் போக எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். முதற் பயணத்துக்கான இடத்தைத் தீர்மானிப்பது அதுதான். கில்லார்னியின் வெள்ளைக் குவார்ட்சைட் பாறைக் குன்றுகள் அருமையானவை. ஆனால் ரொறொன்ரோவிலிருந்து நான்கரை மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம், இரண்டு வயதுக் குழந்தைக்கும் பின்னிருக்கையில் அதன் அருகே அமர்ந்திருப்பவருக்கும் தண்டனை. பான் எக்கோ என்ற இன்னொரு பூங்காவில் மஸினா ஏரியிலிருந்து 100 மீட்டர் செங்குத்தாக எழும் பாறையும், அதன்மீது பழங்குடி மக்கள் செங்காவியால் தீட்டிய 260க்கும் மேற்பட்ட ஓவியங்களும் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டியவை. அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இம்முறை அல்கோன்குவினையே நான் சொல்வேன். 1893இல் நிறுவப்பட்ட இந்த மாகாணப் பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம் என்றாலும், உங்களுக்குத் தேவையான பகுதி அதன் தெற்கே 56 கிலோமீட்டர் ஓடும் 60ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய துண்டு மட்டுமே. காரிலேயே போய் இறங்கக்கூடிய முகாம் திடல்கள் பல அங்குள்ளன. மியூ லேக், லேக் ஒவ் டூ ரிவர்ஸ் ஆகிய இரண்டிலும் குளிப்பறையும் மின்னிணைப்புள்ள மனைகளும் (கூடாரமடிக்கும் தனித்தனி இடங்கள்) இருக்கின்றன. கடையும் தொலைவில் இல்லை. சனக்கூட்டம் அதிகம் என்று பழையவர்கள் இவ்விரண்டையும் குறை சொல்வார்கள். முதன்முறை போகிறவர்களுக்கு அந்தக் கூட்டமே ஒரு துணை என்பது என் எண்ணம். அம்மாவால் தரையில் படுக்க முடியாது என்றால், மியூ லேக்கில் கட்டிலும் மின்சூடும் உள்ள யூர்ட் எனப்படும் வட்டக் குடில்கள் சில உண்டு. அவை மிக விரைவில் தீர்ந்துவிடும்.

ஒரு மனையில் பொதுவாக 6 பேர்தான் தங்கலாம். ஆகவே நீங்கள் அடுத்தடுத்த இரண்டு மனைகளைப் பதிவுசெய்ய வேண்டும். வந்திறங்கும் நாளுக்குச் சரியாக 5 மாதங்களுக்கு முன், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கிறது. ஜூலை 18 போக வேண்டுமானால் பெப்ரவரி 18 அன்று காலையில், பனி கொட்டிக்கொண்டிருந்தாலும், கணினியின் முன் இருங்கள். மனைகளின் படங்களும், நிழல், மறைவு பற்றிய குறிப்புகளும் பதிவுத்தளத்திலேயே கிடைக்கும். கழிப்பறைக்குக் கிட்டவாக, ஆனால் அதன் வாசலை ஒட்டாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் வாசலோர மனைக்காரர் இரவு முழுவதும் கதவுச் சத்தத்தையும் கைவிளக்கு வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சதுப்பை ஒட்டிய மனை படத்தில் பசுமையாகத் தெரியும். அந்தியில் நுளம்பு அங்கிருந்துதான் புறப்படும்.

பூச்சிகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசிவரை கறுப்பு ஈயின் காலம்; ஒரு மே மாதத்தில் ஆசையோடு போன நான், காதுக்குப் பின்னால் இரத்தம் வழிய, மறுநாளே திரும்பி வந்தேன். ஜூலையில் அது அடங்கிவிடும், நுளம்பு இருக்கும். ஆகஸ்ட் பிற்பகுதிக்குத் தள்ளிப்போட முடியுமானால் பூச்சி வெகுவாகக் குறையும், ஏரி நீரும் வெதுவெதுப்பாயிருக்கும், ஆனால் இரவில் 10 பாகைக்குக் கீழே குளிரலாம். 2 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளுக்கு டீட் (DEET) என்ற இரசாயனம் 10 சதவீதத்துக்கு மேற்படாத பூச்சிவிரட்டியை நாளொன்றுக்கு மூன்று தடவைக்கு மேல் பூச வேண்டாம் என்பது கனடிய சுகாதாரத் துறையின் அறிவுரை.

கூடாரத்தை வாங்கியதும் வீட்டுப் பின்வளவில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். தரைவிரிப்பு கூடாரத்தின் அடிப்பகுதியைவிட ஒரு விரல் அகலமேனும் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உங்கள் முதுகுக்கடியில் சேர்த்துவிடும். உடம்புச் சூட்டை இழுப்பது காற்றைவிட நிலமே என்பதால், போர்வைக்குச் செலவிடுவதற்கு முன் படுக்கைக்கடியில் இடும் மெத்தைக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மீன்குழம்பும் கருவாட்டுப் பொரியலும் இல்லாமல் ஒரு நாள் கழியாது. கரடி வரும் என்று பயமுறுத்துகிறார்கள். முகாமில் சமைக்கலாமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: சமைக்கலாம், ஆனால் கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்குள்ள கருங்கரடி மனிதரைத் தேடி வருவதில்லை, மணத்தைத் தேடித்தான் வருகிறது. ஒருமுறை சாப்பாடு கிடைத்த மனைக்கு அது திரும்பத் திரும்ப வரும், அதனால் கடைசியில் சுடப்படுவதும் அந்தக் கரடிதான். சாப்பிட்டு முடித்த கையோடு ஐஸ் பெட்டி (வெறுமையாயிருந்தாலும்), அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, குப்பை, பற்பசை, சவர்க்காரம் அனைத்தையும் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டுங்கள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலங்கூட இருக்கக் கூடாது. அணில்களும் ரக்கூன்களும் கரடியைவிட நிச்சயமாக வந்து சேரும்.

கறியை வீட்டிலேயே வைத்து, உறைய வைத்து எடுத்துச் செல்வது சிறந்த வழி. முதல் நாள் அதுவே ஐஸ் கட்டியின் வேலையைச் செய்யும், இரண்டாம் நாள் சூடாக்கினால் போதும், தாளிக்கும் மணம் காடெங்கும் பரவாது. றொட்டியை மட்டும் அங்கே சுடலாம். சட்டி கழுவிய நீரை ஏரியிலோ புதரிலோ ஊற்றாதீர்கள்.

மழை பெய்தாலும் எரிவாயு அடுப்பையோ கரியடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது, ஏனெனில் அதிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குபவரை எழுப்பவும் மாட்டாது. மரங்களுக்கிடையே தார்ப்பாய் ஒன்றைக் கட்டி அதன்கீழ் சமையுங்கள். வீட்டு விறகையும் ஏற்றிச் செல்லாதீர்கள்: 2002இல் வின்ட்சர் பகுதியில் கண்டறியப்பட்ட மரகத வண்டு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களை இவ்வளவு வேகமாக அழித்ததற்கு, காரில் பயணம் செய்த விறகும் ஒரு காரணம். பூங்காவிலேயே விறகு விற்கிறார்கள். தீத்தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று புறப்படும் நாளில் பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகள் இருவரும் நீச்சல் வகுப்பில் தேறியவர்கள். உயிர்காப்பு அங்கி தேவையா?
– பிரம்டன் வாசகி

பதில்: தேவை. மாகாணப் பூங்காக் கடற்கரை, ஏரிக்கரை எதிலும் உயிர்காப்பாளர் இல்லை. நீச்சல் குளத்தின் நீர் தெளிவானது, ஆழம் சுவரில் எழுதப்பட்டிருக்கும். அல்கோன்குவின் ஏரிகள் பலவற்றின் நீரோ தேயிலைச் சாயத்தின் நிறங்கொண்டது, கரையிலிருந்து சில அடி போனதும் தரை தெரியாது. கனூப் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தால் போதாது, அணிந்திருக்க வேண்டும். அளவு முக்கியம்: தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் அது பிள்ளையின் காதுவரை ஏறக் கூடாது. பல பூங்காக்களில் அங்கியை இரவல் தருகிறார்கள், ஆனால் சிறுவர் அளவுகள் காலையிலேயே போய்விடுவதால் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.