கெடில்ஸ்டன் ஹால் போகலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

இங்கிலாந்தில் டெர்பிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் சேர்ந்து கோச் பஸ் பிடித்து கெடில்ஸ்டன் ஹால் போகிறார்கள், ஒரு பழைய பங்களாவைப் பார்க்க ஒரு நாள் லீவைக் கொடுக்கணுமா, என்ன உடுத்துவது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தாய். போய்விட்டு வா. ஆனால் சேலை வேண்டாம். சுற்றிலும் செம்மறியாடு மேய்கிற பெரிய பார்க், புல்லில் எங்கே கால் வைத்தாலும் புழுக்கை. நான் முதல் தடவை பட்டுச் சேலையும் கூரான ஹீல்ஸுமாகப் போய் இறங்கினேன், தரை கெட்டுவிடும் என்று வாசலிலேயே ஹீல்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், அப்புறம் கோயிலுக்குப் போன மாதிரி வீடு முழுக்க வெறுங்காலில்தான் நடந்தேன்.

புளியோதரை கட்டிக்கொள், நாலு பேருக்குச் சேர்த்தே கட்டு. வீட்டுக்குள் சாப்பிடக் கூடாது, வெளியே புல்லில் விரித்து உட்காரலாம். டீ குடிக்கப் போனால் அவரவர் காசு அவரவர்தான், நம் ஊர்ப் பழக்கத்தில் எல்லோருக்கும் நீ கொடுக்கப் போகாதே. கோச் 9 மணிக்கு என்றால் 9 மணிக்குக் கிளம்பிவிடும்.

சரி, வீட்டுக்கு வருவோம். 1760களில் ராபர்ட் ஆடம் வடிவமைத்தது, 1987 முதல் பழைய வீடுகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் கையில் இருக்கிறது. மார்பிள் ஹாலில் 20 தூண்களைப் பார்த்து கூட வருகிறவர்கள் அண்ணாந்து நிற்பார்கள். திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிசாகத் தெரியவில்லை. பார்க் வேண்டும் என்பதற்காக அங்கே இருந்த ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்திருக்கிறார்கள், பழைய தேவாலயம் மட்டும் வீட்டை ஒட்டி அப்படியே நிற்கிறது. அதுதான் எனக்கு மனசில் நின்றது.

நீ தவறவிடக் கூடாதது கீழ்த்தளம். 1899 முதல் 1905 வரை நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்து வங்கத்தைப் பிரித்த கர்சன் பிறந்த வீடு இது. கல்கத்தாவில் அவர் குடியிருந்த கவர்னர் மாளிகையே இந்த வீட்டைப் பார்த்துக் கட்டியதுதான், அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னால். நம் நாட்டுப் பக்கமிருந்து அவர் கொண்டுவந்த தந்தம், ஆயுதம், வெள்ளிச் சாமான் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. அவர் மனைவி மேரி 1903 டெல்லி தர்பாரில் உடுத்திய மயில் கவுனையும் அங்கேதான் பார்த்தேன். தைத்தது பாரிஸில், ஜரிகை வேலை முழுக்க டெல்லிக் கைகள். உடம்பெல்லாம் தோகை, ஒவ்வொரு தோகைக் கண்ணிலும் பச்சையாக மின்னுவது கல் இல்லை, பொன்வண்டுச் சிறகு! தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகராதே, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்.

ஒவ்வொரு அறையிலும் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், சம்பளம் வாங்காத தொண்டர்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். நம்மிடம் திருப்பியும் கேட்பார்கள். கவுன் பக்கத்தில் இருந்த அம்மா ஜரிகையைப் பற்றி என்னிடம் கேட்க, எங்கள் வீட்டில் நைந்த பட்டுச் சேலையை ஜரிகைக்காக எடைக்குப் போடுவோம் என்று சொன்னேன், அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. அந்த அரட்டையில் கோச்சுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது, அதனால் கீழ்த்தளத்தை முதலில் முடித்துவிடு.