தராசில் ஏறும் வாக்கியங்கள்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். உண்மை எது, கருத்து எது என்று பிரித்தறியும் பாடத்துக்கு, வகுப்பறையின் ஒரு மூலைக்கு 'உண்மை' என்றும் எதிர்மூலைக்குக் 'கருத்து' என்றும் பெயர் வைத்து, நான் சொல்லும் வாக்கியத்துக்கு ஏற்ற மூலைக்குப் பிள்ளைகளை ஓடச் சொன்னேன். 'பசுவுக்கு ஆறு கால்கள்' என்றதும் எல்லோரும் கருத்து மூலைக்கு ஓடினார்கள். 'என் அம்மாவின் சமையல்தான் உலகத்திலேயே சிறந்தது' என்றபோது ஒரு பையன் மட்டும் உண்மை மூலையில் நின்றான். அது கருத்து என்று நான் சொன்னதும் அழுதுவிட்டான். நடிப்பும் பாவனையும்தான் பிள்ளைகளைக் குழப்புகின்றனவா? வரையறையை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு விளையாட வேண்டுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாவனை குழந்தைகளைக் குழப்புவதில்லை. கொட்டாங்குச்சியில் மண்சோறு ஆக்கி, 'சாப்பிடுங்க' என்று நம் முன்னால் நீட்டும் மூன்று வயதுக் குழந்தை, தானும் அதை வாயருகே கொண்டுபோய்ச் சப்புக்கொட்டுமே தவிர விழுங்குவதில்லை. இது சோறில்லை என்ற அறிவும், இப்போதைக்கு இது சோறு என்ற உடன்பாடும் ஒரே நேரத்தில் அதனிடம் இருக்கின்றன. நாம் கற்பிக்க விரும்பும் பிரித்தறிதலுக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது.

குழப்பம் 'உண்மை' என்ற சொல்லில் இருக்கிறது. பசுவுக்கு ஆறு கால் என்பது பொய். பொய்யை 'உண்மை' என்று பெயரிட்ட மூலையில் எந்தக் குழந்தை போய் நிற்கும்? உங்கள் பிள்ளைகள் சரியாகவே யோசித்திருக்கிறார்கள். மூலைக்குச் சூட்டிய பெயர்தான் அவர்களை ஏமாற்றியது. நாம் கேட்க வேண்டியது 'இது மெய்யா, பொய்யா' என்பதை அல்ல, 'இதைச் சரிபார்க்க வழி இருக்கிறதா' என்பதை. கால்களை எண்ணிப் பார்க்கலாம் என்பதால், ஆறு கால் என்ற வாக்கியமும் சரிபார்க்கும் பக்கத்தைச் சேர்ந்தது. எண்ணிப் பார்த்தால் அது தோற்றுப்போகும், அவ்வளவுதான். இதை விட்டுவிட்டால், கருத்து என்றால் பொய் என்று குழந்தை முடிவுகட்டிவிடும், அதன் விளைவை அந்தப் பையனின் அழுகையில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே மூலைகளை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள். சத்துணவுக் கூடத்துக்குப் பூசணிக்காய் வரும் நாளாகப் பார்த்து, ஒரு காயையும் அங்குள்ள தராசையும் சிறிது நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நீங்களே காய்கறி வியாபாரியாக வாருங்கள். ஆசிரியரே ஒரு பாத்திரமாகி வகுப்புக்குள் நுழையும் இந்த முறையை இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் (1926–2011) தம் வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டினார். அதன் பலம், விடை தெரிந்தவர் என்ற இடத்திலிருந்து ஆசிரியர் இறங்கிவிடுவதிலும், விசாரிக்கும் அதிகாரம் பிள்ளைகளின் கைக்குப் போய்விடுவதிலும் இருக்கிறது. பிள்ளைகள் சந்தைக்கு வந்த சோதனை அதிகாரிகள். நீங்கள் கூவ வேண்டும்: 'இந்தக் காய் ஐந்து கிலோ! இந்த ஊரிலேயே அழகான காய்! உள்ளே விதை இருக்கிறது! இதைப் போட்டால்தான் சாம்பார் ருசிக்கும்!' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இது தராசில் ஏறுமா?'

எடையை வேண்டுமென்றே தவறாகச் சொல்லுங்கள். காய் மூன்றரைக் கிலோ இருக்கட்டும். முள் காட்டும் எண்ணைப் பார்த்துப் பிள்ளைகள் உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கும் அந்த நொடியில், தராசில் ஏறிய ஒரு வாக்கியம் பொய்யாகவும் இருக்கலாம் என்பது, விளக்கம் எதுவும் தேவைப்படாமல் அவர்களுக்குப் புரிந்துவிடும். விதையைப் பற்றிக் கேட்டால், தராசு உதவாது, கத்திதான் வேண்டும் என்று எவளாவது ஒரு சிறுமி சொல்லுவாள். அப்படிச் சொல்லும் வரை அவசரப்படாமல் காத்திருங்கள். சரிபார்க்கும் கருவி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேறுபடும் என்று அவளே கண்டுபிடித்தது, நாம் சொல்லித் தருவதைவிடப் பல மடங்கு மேலானது.

மூலைக்கு ஓடும் விளையாட்டில் இன்னொரு குறையும் உண்டு. பாதிப் பிள்ளைகள் வாக்கியத்தைக் கேட்பதில்லை, வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவளின் கால்களைப் பார்த்தே ஓடுகிறார்கள். கண்களை மூடிக்கொண்டு கையால் சைகை காட்டச் சொன்னால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தமிழே நமக்குத் தரும் இரண்டு உதவிகளையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிற மொழிப் பயிற்சிகளை அப்படியே பெயர்த்து நடத்தும்போது இவற்றை நாம் இழந்துவிடுகிறோம். பிடிக்கும், தோன்றுகிறது, இனிக்கிறது என்பவற்றுக்கு நம் மொழி 'எனக்கு' என்ற சொல்லை முன்னால் கேட்கிறது. 'எனக்கு இந்தக் காய் அழகு' என்பது பொருந்தி நிற்கிறது. 'எனக்கு இந்தக் காய் மூன்றரைக் கிலோ' என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். 'எனக்குக் காய்ச்சல்' போன்றவை இந்தச் சோதனைக்கு அடங்காதவைதான், ஆனாலும் தொடக்கத்துக்கு இது போதும். இரண்டாவது, 'ஆம்' என்ற ஈறு. ஒரு குழந்தையை வெளியே அனுப்பி, பார்த்ததை இரண்டாவது குழந்தையிடம் சொல்லச் சொல்லுங்கள். முதல் குழந்தை 'வாசலில் மாடு நிற்கிறது' என்றால், இரண்டாவது மூன்றாவதிடம் 'நிற்கிறதாம்' என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது குழந்தை எழுந்துபோய்ப் பார்த்துவந்து 'ஆம்' என்பதை நீக்கலாம், அல்லது மாடு இல்லை என்று அறிவிக்கலாம். கண்டதும் கேட்டதும் வேறுவேறு என்பதை ஐந்து வயதுக் குழந்தைகூட இந்த விளையாட்டில் நடந்தே தெரிந்துகொள்ளும்.

வரையறை கடைசியில் வரட்டும். ஒரு வாரம் விளையாடிய பிறகு, தராசில் ஏறாத வாக்கியங்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். 'கருத்து' என்ற சொல்லை அப்போது கரும்பலகையில் எழுதினால் போதும்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். அவனை அடுத்த வகுப்பில் அவன் அம்மாவாகவே உட்கார வையுங்கள். மற்றவர்கள் விருந்தாளிகளாக வந்து, இன்று என்ன குழம்பு, புளி எவ்வளவு கரைத்தீர்கள், யாருக்கு முதலில் பரிமாறுவீர்கள் என்று கேட்கட்டும். அவன் சொல்லும் பதில்கள் எல்லாம் அந்தக் கருத்துக்கான காரணங்கள். அடுத்து வேறொரு பிள்ளை தன் அம்மாவாக உட்காரட்டும், அதற்குப் பிறகு இன்னொரு பிள்ளை. மூன்று அடுப்படிகளைப் பார்த்தபின் அவனிடம் மீண்டும் கேளுங்கள். 'எனக்கு எங்க அம்மா சமையல்தான்' என்று அவன் சொன்னால், அந்த 'எனக்கு'வை அவனே போட்டுக்கொண்டான் என்பதை மட்டும் கவனியுங்கள். திருத்தவோ பாராட்டவோ வேண்டாம்.